ஓர் அங்குலம் கொரியா

முப்பத்தோரு வருஷம் பிறர் வேலையில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். போலீஸ்காரன் இல்லை. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தில் புடவைக்குத் தரம் பார்க்கிற வேலை. நெய்து கொண்டுவரும் புடவையை மேசைமேல் விரித்து விரலை ஓட்டுவேன். ஊடை தளர்ந்திருந்தால் விரலுக்குத் தெரியும். இழை விட்டிருந்தால் விரலுக்குத் தெரியும். நெய்தவர் முகத்தைப் பார்க்காமல் சிவப்பு மையில் குறித்துவிடுவேன், கூலியில் பிடித்தம். ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். விரல் சும்மா இருக்குமா? இரண்டு இடத்தில் இழை விட்டிருந்தது. மேடையிலேயே சொன்னேன். அதற்கப்புறம் யாரும் என்னை எந்த விழாவுக்கும் கூப்பிடுவதில்லை.

வீட்டில் உட்கார்ந்தேன். சாம்பாரில் உப்பு, சுவரில் விரிசல், பேப்பரில் சந்திப்பிழை, எதிர்வீட்டுக் கோலத்தில் ஒரு புள்ளி குறைச்சல் என்று நாளைக்குப் பத்துக் குற்றமாவது கண்டுபிடித்தேன். பத்தாம் நாள் என் மனைவி, "இந்த வேலைக்கு இங்கே சம்பளம் கிடையாது" என்று சொல்லிவிட்டாள். கல்லூரியில் படிக்கிற கடைக்குட்டி மகள்தான் காப்பாற்றினாள்.

"அப்பா, உங்களுக்கு நான் ஒரு வேலை தரேன். இந்தப் பாட்டுங்களுக்குத் தரம் பாருங்க."

கையில் செல்போன். போனுக்குள் இரண்டு கொரியாக்காரர்கள்.

கொரியா எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்த நாளாகவே அந்த நெடுஞ்சாலையில் கொரியச் சாப்பாட்டுக் கடைப் பலகைகள் முளைத்துவிட்டன. ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரில் நாமத்துக்குப் பக்கத்தில் வட்டமும் கோடுமாக ஓர் எழுத்து நிற்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் இரண்டையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

என் மகளிடம் இதைவிடப் பெரிய ஆதாரங்கள் இருந்தன. "அவங்களும் அப்பாவை அப்பான்னுதான் கூப்பிடுவாங்க, தெரியுமா?"

"கூப்பிட்டுப் பணம் கேட்பாங்களா?"

"அப்பா!"

ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணப் புத்தகமே எழுதியிருக்கிறாராம். மொழியறிஞர்கள் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. என் மகள் ஏற்றுக்கொண்டுவிட்டாள்.

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. போதிதருமர் எங்கள் ஊர்ப் பல்லவ இளவரசர் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. அவர் கொண்டுபோன தியானம்தான் சீனாவில் சான், கொரியாவில் சொன், ஜப்பானில் ஜென். கொரியாக்காரர் ஒருவர், பே யோங்-க்யுன் என்று பேர், 1989-ல் ஒரு படம் எடுத்து லொகார்னோ திரைப்பட விழாவில் முதல் பரிசே வாங்கினார். படத்தின் பேர், 'போதிதருமர் ஏன் கிழக்கே போனார்?' இதற்காகப் படமே எடுத்திருக்க வேண்டாம். எங்கள் ஊர்ப் பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெருவில் எந்தத் திண்ணையில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்: முன்பணம் வாங்கியிருப்பார், திருப்பித் தர முடிந்திருக்காது.

ஆக, ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால் நாம் அனுப்பிய சரக்குக்கு இப்போதுதான் பதில் சரக்கு வந்திருக்கிறது. தரம் பார்க்காமல் உள்ளே விடலாமா? ஒப்புக்கொண்டேன்.

இடம், என் அண்ணன் வீட்டுக் கூடம். கூடம் என்றால் உங்கள் மனதில் சோபா வரும். அங்கே இருப்பது தறி. தறி வைத்தது போக மிச்ச இடத்தில்தான் அவர்கள் குடும்பம் நடத்தி, மூன்று பிள்ளைகளுக்குக் கல்யாணமும் செய்தார்கள். அண்ணன் குழிக்குள் காலை விட்டு மிதியில் வைத்திருப்பார். அவருக்கு வலது பக்கம், கரைக்கு நேராக, அண்ணி. கோர்வைப் புடவை ஒற்றை ஆளால் ஆகிற காரியம் இல்லை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா மூன்று ஓட வேண்டும். உடல் நாடாவும் இடக்கரை நாடாவும் அண்ணனுக்கு, வலக்கரை நாடா அண்ணிக்கு. அன்றைக்குத் தறியில் இருந்தது அரக்கு உடல், பச்சைக் கரை. தை மாதத்து முகூர்த்தப் புடவை. தறி நிற்கக்கூடாது. ஆகவே பாட்டுக்கு வாய், காது, கண் மூன்றும் உண்டு. கை மட்டும் கிடையாது என்று அண்ணன் நிபந்தனை போட்டார். மகள் போனைத் தறிக்கம்பத்தில் ரப்பர் பேண்டால் கட்டினாள்.

"பேரு இன்னா பாப்பா?" என்றார் அண்ணன்.

"டி.வி.எக்ஸ்.க்யூ., பெரியப்பா."

"டி.வி.எஸ். எக்ஸ்.எல்லா? புதுசா, செகண்டா?"

செகண்டு என்பதுதான் உண்மைக்குப் பக்கம். மகள் முதலில் பி.டி.எஸ். ரசிகை. 2023 டிசம்பரோடு அந்த ஏழு பேரும் ராணுவக் கடமைக்குப் போய்விட்டார்கள். ஏழு பேர் போன வீடு வெறிச்சென்று இருக்க, அவள் கொரிய இசையின் பழைய பீரோவைத் திறந்து இந்த ஜோடியை எடுத்திருக்கிறாள். 2003 டிசம்பர் 26-ல் மேடையேறியவர்கள். அவள் பிறப்பதற்கு முன்னால் பாட ஆரம்பித்தவர்களை அவள் 'புதுசு' என்றாள். பட்டுப்புடவை விஷயத்திலும் அவள் இப்படியே நினைத்தால் என் செலவு எவ்வளவோ குறையும்.

பேருக்கு அர்த்தம் 'கிழக்கில் எழும் தெய்வங்கள்' என்றாள்.

"கிழக்கு கோபுரத்துப் பக்கமா?" என்றார் அண்ணி. எங்கள் ஊரில் தெய்வம் என்று சொன்னால் அடுத்த கேள்வி எந்தக் கோயில், எந்த வாசல் என்பதுதான்.

முதலில் ஐந்து பேராக இருந்தார்களாம். 2009-ல் மூன்று பேர் கம்பெனிமேல் வழக்குப் போட்டு வெளியே போனார்கள். யூன்ஹோ, சாங்மின் என்ற இரண்டு பேர் மட்டும் அதே பேரில் தங்கிவிட்டார்கள். பங்காளி வழக்கு என்றதும் அண்ணனுக்கு ஆர்வம் வந்துவிட்டது. விசுவநாதனும் ராமமூர்த்தியும் 1965-ல் பிரிந்ததை இன்னும் மன்னிக்காதவர் அவர்.

"எதுக்கு வழக்கு?"

"ஒப்பந்தம் 13 வருஷம், பெரியப்பா. ரொம்ப நீளம்னு."

அண்ணன் ஊடையை அடிக்கிற பலகையை நிறுத்தினார். நிபந்தனை போட்டவரே நிறுத்தினார். "பதிமூணா? முன்பணம் எவ்ளோ வாங்கினாங்களாம்?"

மகளுக்குத் தெரியவில்லை. அந்த வழக்குப் போட்ட வருஷமே கொரியாவின் வணிகப் போட்டி ஆணையம் ஒரு மாதிரி ஒப்பந்தம் கொண்டுவந்து, ஏழு வருஷத்துக்கு மேல் கட்டிப்போடக் கூடாது என்று வரம்பு வைத்ததாக மட்டும் சொன்னாள். அண்ணன் கொஞ்ச நேரம் தறியில் நீண்டிருந்த பாவு நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா ஒரு முதலாளியிடம் தம் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணத்தை என் கல்யாணத்தின்போதுதான் அடைத்தார். "பரவாயில்லை, பாட்டு பாடறவனுக்காவது ஒரு கணக்கு வெச்சாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதித்தார்.

நான் பழைய வழக்கப்படி ஒரு நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டேன். நீளம், எடை, நிறம், கரை, கோர்வை, குறை.

முதல் பாட்டு 2011 ஜனவரியில் வந்தது. இரண்டு பேரானபின் முதல் பாட்டு. கொரியத் தலைப்புக்கு 'ஏன்' என்று பொருள். பாட்டு முழுக்கக் கேட்கிறார்கள். யாரும் பதில் சொல்வதாகத் தெரியவில்லை. அதே வருஷம் நவம்பரில் நம் ஊரிலும் ஒரு பையன் கொலைவெறியைப் பற்றி 'ஏன்' என்று கேட்டு உலகம் முழுக்கப் பிரபலமானான். 2011-ல் ஆசியாவில் எல்லோருக்கும் ஒரே சந்தேகம் இருந்திருக்கிறது. எங்கள் ஆள் சும்மா கேட்டாலே கேட்கும். இவர்கள் ஒரு பட்டாலியனைப் பின்னால் நிறுத்தி, தரை அதிர மிதித்துக் கேட்கிறார்கள். குறிப்பு எழுதினேன்: 'எடை அதிகம். ஜரிகை கூடுதல். கட்டினால் இடுப்பு வலிக்கும்.'

பின்னால் ஆடுகிற கூட்டத்தை அண்ணன் குறை சொன்னபோது மட்டும் நான் சம்மதிக்கவில்லை. கூட்டம் சேர்ப்பதில் எங்கள் ஊர் முன்னோடி. காஞ்சிபுரம் நைனாப் பிள்ளை கச்சேரிக்கு உட்கார்ந்தால் மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியம் உட்காருமாம். அதற்கு 'ஃபுல் பெஞ்ச்' என்றே பேர். ஜோடியாகப் பாடுவதும் அந்த வீட்டுக்குப் புதிதில்லை. அவருடைய பெரியம்மா தனகோடி அம்மாள் தம் தங்கையோடு சேர்ந்து பாடிப் பேர் வாங்கியவர். அதற்கும் முன்னால் ஜோடி வேண்டுமென்றால் வரதராஜர் கோயில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருக்கின்றன. எத்தனை நூற்றாண்டாகவோ உத்தரத்தில் ஒன்றாகவே இருக்கின்றன. ஒரு வழக்கில்லை, ஒரு விவாகரத்தில்லை. வீடியோவும் இல்லை, அது வேறு விஷயம்.

இரண்டாவது, 2014-ல் வந்த 'சம்திங்'. பழைய காலத்து ஜாஸ் மெட்டு. இதில் ஆடுகிறவர்கள் நீள நீளமாகக் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க, இவர்கள் இருவரும் அந்தக் கயிறுகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு, வாத்தியத்தின் தந்தியை மீட்டுகிற மாதிரி ஆடுகிறார்கள். மகள் கண் விரித்து, "செம கான்செப்ட் இல்ல?" என்றாள்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். பதறிவிட்டார்.

"டேய், பாவுக்குள்ள ஆடறானுங்கடா!"

அவருக்கு அது கயிறாகத் தெரியவில்லை. எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நீட்டிக் கட்டி இழை சரி பார்ப்பார்கள். அந்த நேரத்தில் பால்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போவார். நாய்கூடக் குனிந்து போகும். நாலு வயசில் நான் ஒரு நாள் அதற்குள் ஓடி இரண்டு இழையை அறுத்து, அப்பா கையால் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. அப்பேர்ப்பட்ட பாவுக்குள் கோட்டுப் போட்ட இரண்டு பேர் ஷூக் காலோடு நுழைந்து இடுப்பை ஆட்டினால்?

"ஒரு இழைகூட அறுக்கலைங்க" என்றார் அண்ணி, கண்ணை எடுக்காமல். எல்லாரையும்விட அவர்தான் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் கடைசிவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பாட்டு முடிந்ததும், "தொய்வு இருக்குது. கஞ்சி பத்தலை" என்றார். நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். கொரியப் பாட்டுக்கு உலகத்தில் யாரும் இந்த விமரிசனத்தை எழுதியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மூன்றாவது, அதற்கு அடுத்த மாதமே வந்தது. ஆங்கிலத்தில் 'ஸ்பெல்பவுண்ட்'. கொரியப் பேர், 'சூரி சூரி'.

"யாரு, நம்ம பரோட்டா சூரியா?"

இல்லையாம். கொரியாவில் மந்திரவாதி முட்டையைக் காணாமலடிக்கும்போது சொல்கிற சொல்லாம், நம் ஊர் 'ஜீபூம்பா' மாதிரி. இதற்கு மேல் மகள் சொன்னதைக் கேட்டு நானே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தச் சொல் கொரியப் பௌத்தர்கள் சூத்திரம் ஓதுவதற்கு முன்னால் வாயைச் சுத்திசெய்யச் சொல்கிற மந்திரத்திலிருந்து வந்தது. அதன் மூலம் சமஸ்கிருதம். 'சூரி' என்பது 'ஸ்ரீ'யாம். கடைசியில் 'ஸ்வாஹா'கூட உண்டு.

கூடத்தில் கொஞ்ச நேரம் நாடாச் சத்தம் மட்டும் கேட்டது. இங்கிருந்து பௌத்தம் கிழக்கே போய், ஸ்ரீயானது சூரியாகி, சூரி மந்திரவாதி கையில் மாட்டி, அவனிடமிருந்து இரண்டு பையன்கள் வாங்கி, நடனம் சேர்த்து, என் மகள் போன் வழியாகக் காஞ்சிபுரத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. நோட்டில் 'குறை' என்ற கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. வாயைச் சுத்திசெய்கிற மந்திரத்துக்குக் குற்றம் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நிறம் என்று ஒரு கட்டம் இருந்ததே, அதில்தான் சண்டை வந்தது. இவர்களின் ரசிகர்களுக்கென்று ஒரு நிறம் உண்டாம். அரங்கில் அந்த நிற விளக்கைத்தான் தூக்கிப் பிடிப்பார்களாம். முத்துச் சிவப்பு. அண்ணி அந்தப் பேரை ஒத்துக்கொள்ளவில்லை. "முத்து எப்படிம்மா சிவப்பாகும்? அரக்கு இருக்குது, குங்குமம் இருக்குது, மாதுளை இருக்குது. இது எதுல சேத்தி?" மகள் போனில் காட்டினாள். அண்ணி அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், இடுப்பில் இருந்த நூல்கண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அரக்குல ரெண்டு சொட்டுத் தண்ணி கூட" என்று தீர்ப்புச் சொன்னார். எங்கள் ஊர்ப் பட்டு நீலத்துக்கு எம்.எஸ். சுப்புலட்சுமி பேரை வைத்து 'எம்.எஸ். நீலம்' என்றார்கள், பாட்டுக்காரருக்கு ஒரு நிறம் என்பதை நாங்கள் இதற்கு முன்பே பார்த்திருக்கிறோம். அம்மாவும் மகள் ராதாவுமாக அவர்கள் மேடையில் உட்கார்ந்ததும் ஜோடிதான்.

ரசிகர் சண்டை பற்றியும் மகள் பெருமையாகச் சொன்னாள். அவர்கள் கூட்டத்துக்கும் வேறு கூட்டத்துக்கும் ஆகாதாம். நான் சிரித்தேன். பெருமாள் முன்னால் யார் முதலில் பாசுரம் பாடுவது, நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்று தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்குப் போன ஊர் இது. எங்களிடம் வந்து இவர்கள் ரசிகர் சண்டை சொல்லித் தருவதா?

இன்னொரு சொல்லும் அன்றைக்குத்தான் கற்றேன். கம்பேக்.

"எங்கே போயிருந்தாங்க?"

"எங்கயும் போகலப்பா. புதுப் பாட்டு விட்டா அதுக்குப் பேரு கம்பேக்."

ஆறு மாசம் கழித்து ஒரு பாட்டு விட்டால் கம்பேக். நான் இவர்களுக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு பேரும் 2015-ல் ராணுவத்துக்குப் போய் 2017-ல் திரும்பினார்கள். அதைத் திரும்பி வந்ததாக ஒத்துக்கொள்ளலாம். ஆனால் கம்பேக் என்றால் எங்கள் அத்திவரதர். வரதராஜர் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள் 40 வருஷம். 1979-க்கு அப்புறம் 2019 ஜூலை 1-ல் வெளியே வந்தார். 48 நாள். முதலில் சயனக் கோலம், ஆகஸ்டு பிறந்ததும் நின்ற கோலம். டீசர் இல்லை, போஸ்டர் ஒட்டவில்லை. ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். அதில் பாதிப் பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில் தண்ணீர் கேட்டார்கள் என்பது என் கணக்கு. 49-ஆம் நாள் ஊரே காய்ச்சலில் படுத்தது. அடுத்த கம்பேக் 2059-ல். மகள் என்னைப் பார்த்த பார்வையில், 'அப்போது நீங்கள் இருந்து தரம் பார்க்கப்போவதில்லை' என்ற நிம்மதி தெரிந்தது.

நடுவில் அண்ணி, "பொம்பளைப் புள்ள பாடறது எதுவும் இல்லையா?" என்று கேட்டார். மகள் இன்னொரு ஜோடியைக் காட்டினாள். அக்மு. கூடப் பிறந்த அண்ணன் தங்கை. அப்பா அம்மா மதபோதகர்களாக மங்கோலியாவில் இருந்ததால் அங்கே வளர்ந்தவர்கள். 2013-ல் ஒரு டி.வி. போட்டியில் ஜெயித்து மேலே வந்தவர்கள். 2023 ஆகஸ்டில் வந்த 'லவ் லீ' என்ற பாட்டைப் போட்டாள். லீ அவர்கள் குடும்பப் பேர். அதிலேயே ஒரு சிலேடை. அண்ணிக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. "அண்ணன்காரன் தங்கச்சியைத் தூக்கி விடறான் பாரு. இது சொத்துத் தகராறு வராத குடும்பம்." நான் எழுதினேன்: 'மல்லிமொக்குப் புட்டா. எடை குறைவு. வெயிலுக்கு நல்லது.' அன்றைக்கு அதிக மார்க் வாங்கியது இதுதான். மகளுக்குக் கோபம், நம் ஆட்கள் முதலில் வரவில்லையே என்று.

கோபத்தில்தான் கடைசிப் பாட்டைச் சத்தமாக வைத்தாள். 'ரெபல்'. 2023 டிசம்பர் 26, அவர்கள் மேடையேறிச் சரியாக இருபது வருஷம் நிறைந்த நாளில் வந்த ஆல்பம். ஆல்பத்தின் பேர் '20&2'. இருபது வருஷம், இரண்டு ஆள். ரெபல் என்றால் கலகக்காரன். இருபது வருஷம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஒருவன் தன்னைக் கலகக்காரன் என்று சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நானும் முப்பத்தோரு வருஷம் ஒரே சங்கத்தில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீளம் நாலு நிமிஷத்துக்குள். வெட்டு அதிகம். ஒரு காட்சியைக் கண் பிடிப்பதற்குள் அடுத்தது வருகிறது. எத்தனை உடை மாற்றுகிறார்கள் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டேன். ஜவுளிக்கடைக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள், அவ்வளவுதான் எழுத முடிந்தது.

அப்போதுதான் ஏதோ சத்தம் மாறியது காதில் பட்டது.

அண்ணனின் தறிக்கு ஒரு தாளம் உண்டு. மிதி, நாடா, நாடா, அண்ணி பக்கத்து நாடா, பலகை ஓர் அடி. நாற்பது வருஷமாக அந்தத் தெருவில் விடிகிறதே அந்தத் தாளத்தில்தான். இப்போது பலகை ஒன்றுக்கு இரண்டாக அடித்தது. அண்ணன் கண் போனில். கால் பாட்டில். கை அவரைக் கேட்காமலே அந்தக் கொரியா தாளத்துக்குப் போய்விட்டது. எனக்கு வியப்பு அதில் இல்லை. அண்ணியின் நாடா ஓர் இமைகூடப் பிந்தவில்லை. அண்ணன் மாறியதும் அண்ணியும் மாறிவிட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. அண்ணி விரல் பச்சை ஊடையை வளைத்து அரக்கு ஊடையின் காதுக்குள் மாட்டிவிடுகிறது, பலகை விழுகிறது, விரல் வெளியே வந்துவிட்டது. கொஞ்சம் பிந்தினால் நசுங்கும். நசுங்கவில்லை.

பாட்டு முடிந்தது. தாளமும் பழையபடி ஆனது. அண்ணன் துணியைக் குனிந்து பார்த்து, "அடப்பாவி" என்றார்.

விரலை வைத்தேன். முப்பத்தோரு வருஷத்து விரல் பொய் சொல்லாது. மற்ற இடத்தைவிட ஊடை நெருக்கம். அளவு வைத்தேன். ஓர் அங்குலம். பிரிக்கலாம், பிரித்தால் அரை நாள் போகும், ஜரிகையும் நைந்துபோகும். முகூர்த்தத்துக்கு நாள் நெருக்கம். அண்ணன் கொஞ்சம் யோசித்து, "இருக்கட்டும்" என்றார்.

மகள் போனைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "கடைசியா மார்க் என்னப்பா?"

நான் நோட்டைப் புரட்டினேன். எடை, நிறம், கரை எல்லாம் எழுதியிருந்தேன். கோர்வைக் கட்டம் மட்டும் காலி. அதை நிரப்ப அண்ணியிடம் கொடுத்தேன். அதில் எனக்கு மேலான அதிகாரி அவர்.

அண்ணி தார் மாற்றிக்கொண்டே சொன்னார்: "பாட்டு எனக்குப் புரியலை தம்பி. ஆனா அந்த ரெண்டு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கறதில்லை. இருந்தும் கையும் காலும் சரியா வந்து சேருது. அஞ்சு நாடா ஓடின தறியில ரெண்டு நாடா வெச்சுக்கினு ஓட்டறாங்க. கோர்வை நல்லாத்தான் இருக்குது."

எங்கள் ஊர்ப் புடவையைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: உடல் கிழிந்தாலும் கரை பிரியாது. மூன்று பேர் கிழிந்துபோன பிறகும் பிரியாத கரைக்கு நான் நோட்டில் நல்ல மார்க்கே போட்டேன். கோர்வைதான் எங்கள் ஊரில் குறைந்துகொண்டு வருகிறது. வலப்பக்கம் உட்காருகிறதற்கு இரண்டாவது ஆள் கிடைப்பதில்லை. அந்தக் காலத்தில் அந்த இடத்தில் சின்னப் பையன்களை உட்காரவைத்தார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் போனது நல்லது. அப்புறம் மனைவிமார்கள் உட்கார்ந்தார்கள். அவர்களின் பெண்கள் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள், அதுவும் நல்லதுதான். ஒற்றை ஆளே நெய்கிற மாதிரி கரை வைத்துக் கொடுக்கிறார்கள் இப்போது. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விரலை வைத்தால் தெரியும்.

புடவை முடிந்து சங்கத்துக்குப் போனது. நானும் துணைக்குப் போனேன். என் மேசையில் இப்போது என்னிடம் வேலை கற்ற பையன். புடவையை விரித்தான், விரலை ஓட்டினான். முந்தியிலிருந்து இரண்டு முழம் தள்ளி அவன் விரல் நின்றது. எனக்கு உள்ளூரப் பெருமை, நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அண்ணன் முகத்தை அவன் பார்க்கவில்லை. அதையும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். எத்தனையோ வருஷத்தில் முதல்முறையாக மேசைக்கு இந்தப் பக்கம் நின்றேன். இந்தப் பக்கம் நின்றால் வயிற்றில் ஏதோ செய்கிறது. யாரும் என்னிடம் அதைச் சொன்னதில்லை.

"சார், இங்க கொஞ்சம் நெருக்கமா இருக்குது."

"கொரியா வேலைப்பாடு" என்றேன்.

அவன் புரியாமல் பார்த்தான். பிறகு கரையோரம் இருபுறமும் தடவிப் பார்த்துவிட்டு, "தளர்ச்சிதான் சார் குறை, நெருக்கம் குறையில்லை" என்று பேனாவை மூடிவைத்தான். பிடித்தமில்லாத முழுக் கூலி.

இந்தத் தை மாதம் உங்கள் வீட்டில் கல்யாணமாகி, அரக்கு உடலும் பச்சைக் கரையுமாகக் காஞ்சிபுரம் கோர்வைப் புடவை எடுத்திருந்தால், முந்தியிலிருந்து இரண்டு முழம் தள்ளி விரலை ஓட்டிப் பாருங்கள். ஓர் அங்குலம் கொஞ்சம் கெட்டியாகப் பட்டால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். புடவையிலேயே பலமான இடம் அதுதான்.